வாட்டர்கலர், பழைய சுங்குடித் துண்டு, கான்வாஸ்: மூணுக்கும் சட்டம் போடணும், எப்படி?

தெப்பக்குளம்ரசிகை:

வணக்கம். மூணு படத்துக்குச் சட்டம் போடணும், மூணும் மூணு விதம்.

முதல்ல ஒரு வாட்டர்கலர். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்து மைய மண்டபம், படுக்கைவாக்கில். 300 ஜிஎஸ்எம் காட்டன் பேப்பர், அரை ஷீட். அளந்ததில் அகலம் 560 மி.மீ, உயரம் 380 மி.மீ. பேப்பர் லேசா அலை அலையா இருக்கு. அடுத்தது பழைய கைமுடிச்சு சுங்குடிச் சேலையிலிருந்து எடுத்த துண்டு, சுமார் 2 அடிக்கு 2 அடி, கருஞ்சிவப்பில் வெள்ளைப் புள்ளி. மூணாவது அக்ரிலிக் பெயிண்டிங், கான்வாஸ் சுருட்டி வந்திருக்கு. படம் 24 × 36 அங்குலம்.

ஒரு கடையில், வாட்டர்கலரை லேமினேஷன் பண்ணி எம்டிஎஃப் பலகையில் ஒட்டித் தர்றோம், கண்ணாடியே வேண்டாம், ஈரத்துணியால துடைச்சுக்கலாம்னு சொன்னாங்க. இன்னொரு கடையில் பிளைவுட்டில் ஒட்டிக் கண்ணாடி போடுறதா சொன்னாங்க. ரெண்டுமே மனசுக்கு ஒப்பலை.

மாட்டப்போற இடம் மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய வீடு, சுண்ணாம்புக் காரைச் சுவர். ஹாலின் மேற்குச் சுவர் வெளிச்சுவர். ஐப்பசி, கார்த்திகையில் அடிப்பகுதியில் ஓதம் ஏறும். மவுன்ட் (படத்தைச் சுத்தி வர்ற அட்டை) எப்படிப் போடுறது, கண்ணாடியா அக்ரிலிக்கா, மரம் எத்தனை அடி வாங்கணும், சுவரில் எப்படி மாட்டுறது? வெட்டும் அளவோட சொன்னா உதவியா இருக்கும்.

பேப்பர்பித்தன்:

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பசை தடவின பிளாஸ்டிக் படலம் அது. பசை பேப்பர் இழைக்குள் இறங்கிவிட்டால், பிரிக்கும்போது நிறமும் சேர்ந்து உரியும். கல்யாண போட்டோவுக்கு அது சரி. கெட்டுப்போனால் இன்னொரு பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். பிளைவுட்டில் ஃபெவிகால் தடவி ஒட்டுவதும் இதே வகைதான். பேப்பர் ஈரக்காற்றில் விரியும், காய்ந்தால் சுருங்கும். பிளைவுட் அந்த அளவுக்கு அசையாது. நான்கு பக்கமும் ஒட்டிப் பிடித்து வைத்தால் பேப்பர் போக இடமில்லாமல் நடுவில் உப்பும், இல்லையென்றால் ஓரத்தில் கிழியும்.

படம் மேல் விளிம்பில் மட்டும், இரண்டே இடத்தில், காகிதக் கீலில் தொங்க வேண்டும். மற்ற மூன்று பக்கமும் சும்மா இருக்கட்டும். கீலுக்கு ஜப்பானிய கோசோ பேப்பர் நல்லது. இழை நீளம், மெல்லியது, ஆனாலும் தாங்கும். 30 மி.மீ அகலத் துண்டாகக் கத்தரிக்காமல் ஈரக் கோடு போட்டுக் கிழித்துக்கொள்ளுங்கள். கிழித்த ஓரம் பஞ்சாக இருப்பதால் முன்பக்கம் தடம் தெரியாது. படத்தின் பின்பக்கம் 8 மி.மீ மட்டும் ஒட்டினால் போதும். மீதி மேலே நீட்டிக்கொண்டு, படத்துக்குப் பின்னால் வைக்கும் அடி போர்டில் படுக்கும், அதன்மேல் குறுக்கே இன்னொரு துண்டு. பார்க்க ஆங்கில டி எழுத்து மாதிரி இருக்கும். மூலையிலிருந்து 100 மி.மீ உள்ளே தள்ளி ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கீல் எப்போதும் படத்தைவிட பலவீனமாக இருக்க வேண்டும்; சட்டம் கீழே விழுந்தால் கீல்தான் கிழிய வேண்டும், படம் கிழியக்கூடாது.

பசை கோதுமை மாவுச்சத்து. மைதாவை அப்படியே காய்ச்சக்கூடாது, அதில் உள்ள புரதம் பின்னால் மஞ்சளாகும், பூச்சியையும் அழைக்கும். அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்போமே, அதே வேலைதான். மைதாவைப் பிசைந்து அரை மணி ஊறவிட்டு, தண்ணீருக்குள் வைத்துக் கசக்கினால் பால் இறங்கும், கையில் ரப்பர் மாதிரி ஒன்று மிஞ்சும். அந்த ரப்பரைத் தூக்கிப் போடுங்கள். பாலைத் துணியில் வடித்து, ஃபிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். வெளியே வைத்தால் மதுரைச் சூட்டில் காலைக்குள் புளித்துவிடும். மேல் தண்ணீரைக் கொட்டினால் அடியில் வெள்ளையாக இறுகிக் கிடப்பதுதான் சத்து. ஒரு ஸ்பூனுக்கு ஐந்து ஸ்பூன் தண்ணீர், சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம் கை விடாமல் கிளற வேண்டும். பால் நிறம் போய் சவ்வரிசிக் கஞ்சி மாதிரி கண்ணாடிப் பதம் வந்ததும் இறக்கி, ஆறவைத்து, மெல்லிய துணியில் ஒருமுறை தேய்த்து வடியுங்கள். ஃபிரிட்ஜில் மூன்று நாள் வரும், வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். கெடாமல் இருக்கட்டும் என்று மயில்துத்தம் போடாதீர்கள். போஸ்டர் பசைக்கும் பைண்டிங்குக்கும் போடுவார்கள்தான், ஆனால் அதிலுள்ள தாமிரம் பேப்பர் இழையை அரித்துப் பழுப்பாக்கும்.

பசையைக் கீலில் தடவி, ஈரப் பளபளப்பு அடங்கும்வரை பொறுத்து, பிறகு ஒட்டுங்கள். மேலே பிளாட்டிங் பேப்பர் (ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாள்), அதன்மேல் ஒரு சிறு கண்ணாடித் துண்டு, அதன்மேல் கனம். ஒரு மணி நேரம் அசைக்காதீர்கள். பளபளப்போடு ஒட்டினால் அந்த இடம் மட்டும் சுருங்கி, முன்பக்கம் இரண்டு குழி தெரியும். கீல் போடுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

அலைக்கு: பின்பக்கம் மட்டும் டிஸ்டில்டு வாட்டரை மிக மெல்லியதாகத் தெளித்து, இரண்டு பிளாட்டிங் பேப்பருக்கு நடுவில், பலகையும் கனமும் வைத்து இரண்டு நாள் விடுங்கள். முதல் நாள் பிளாட்டிங் பேப்பரை இரண்டு முறை மாற்ற வேண்டும். அயர்ன் பாக்ஸ் வேண்டாம். லேசான அலை மிஞ்சினால் விட்டுவிடுங்கள். வாட்டர்கலர் பேப்பர் என்றால் கொஞ்சம் நெளியத்தான் செய்யும்.

சட்டக்காரன்:

பேப்பர்பித்தன் அண்ணன் பசையைச் சொல்லிட்டார், நான் அளவுக்கு வர்றேன்.

மேல் மவுன்ட்டில் ஜன்னல் வெட்டும்போது அது ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ படத்து மேல ஏறி உட்காரணும். ஆக ஜன்னல் 550 × 370. சுத்தி விடுற வெள்ளை 3 அங்குலம்னு எல்லாரும் சொல்வாங்க. 75, கீழ மட்டும் 90ன்னு விட்டா வெளி அளவு 700 × 535 வரும். மேல் மவுன்ட் ஒண்ணு, அடி போர்டு ஒண்ணு, ரெண்டு துண்டு வேணும். 40 × 32 அங்குல ஷீட்டில் இந்த அளவு ஒண்ணுதான் வரும், ரெண்டு ஷீட் வாங்கணும். அதையே பக்கம் 60, மேல 60, கீழ 70ன்னு வச்சா வெளி அளவு 670 × 500. 40 அங்குலத்தில் பாதி 508 மி.மீ. ஒரே ஷீட்டில் ரெண்டு துண்டும் இறங்கிடும். சுவர்ல மாட்டினா வித்தியாசம் யாருக்கும் தெரியாது. கீழ 10 கூட விடுறது அழகுக்கு. நாலு பக்கமும் சமமா விட்டா படம் வழுக்கிக் கீழ இறங்கின மாதிரி கண்ணுக்குப் படும்.

போர்டு வாங்கும்போது மேல் நிறத்தைப் பார்க்காதீங்க, வெட்டின ஓரத்தைப் பாருங்க. மலிவு போர்டுக்குள்ள இருக்கிறது மரக்கூழ். ரெண்டு மூணு வருஷத்தில் அந்தச் சாய்வெட்டு ஓரம் மஞ்சளாகி, அதே கோடு படத்து மேலயும் பழுப்பா இறங்கிடும். அந்தக் கோடு அப்புறம் போகாது. ஆசிட் ஃப்ரீன்னு எழுதியிருந்தாலும் மரக்கூழ்னா சுண்ணச்சத்து போட்டுச் சமாளிச்சதுதான். முழுக் காட்டன் போர்டு கிடைச்சா அதை எடுங்க. செலவு கட்டலைன்னா படத்தைத் தொடுற அடி போர்டாவது காட்டனா இருக்கட்டும்.

வெட்டுறது: பின்பக்கம் பென்சில் கோடு, 45 டிகிரி கட்டர், ஒவ்வொரு போர்டுக்கும் புது பிளேடு. அடியில் ஒரு வீண் போர்டு வைங்க. கோட்டுக்கு 2 மி.மீ முன்னால ஆரம்பிச்சு 2 மி.மீ தாண்டி நிறுத்துங்க, அப்பதான் மூலை தானா கழன்று விழும். விழலைன்னா இழுக்காதீங்க, இழுத்தா மூலையில் தோல் உரியும். தனி பிளேடை அதே சாய்வில் உள்ள விட்டு அறுங்க.

கண்ணாடியா அக்ரிலிக்கா? இந்த அளவுக்கு 2 மி.மீ கண்ணாடி சுமார் 1.7 கிலோ, 3 மி.மீன்னா 2.5 கிலோ. 2 மி.மீ அக்ரிலிக் 0.8 கிலோ. சுண்ணாம்புச் சுவர்னு சொன்னதால என் ஓட்டு அக்ரிலிக்குக்கு. ஆனா அக்ரிலிக் கீறும். தூசியை இழுக்கும். கரி, சாக் பேஸ்டல் படத்துக்கு அதை வைக்கவே கூடாது, பொடியை உருவி எடுத்துடும். வெயிலில் அக்ரிலிக் விரியும், காடி (சட்ட மரத்தின் உள் ஓரத்தில் கண்ணாடியும் படமும் உட்கார்ற வெட்டுப் பள்ளம்) அளவைவிட 2 மி.மீ குறைச்சு வெட்டச் சொல்லுங்க. அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் அதுமேல படக்கூடாது. மங்கலா இருக்குமே, நான்-ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி, அதை மவுன்ட் போட்ட படத்துக்கு வச்சா இடைவெளியால இன்னும் மங்கும், படத்துக் கூர்மை போயிடும். வேண்டாம்.

எதை வச்சாலும் படத்தைத் தொடக்கூடாது. மழைக்காலத்தில் கண்ணாடி உள்பக்கம் வேர்க்கும். தொட்டுக்கிட்டிருந்தா பூஞ்சை பிடிக்கும், இல்லைன்னா பேப்பர் கண்ணாடியோட ஒட்டிக்கும். மவுன்ட்டே அழகுக்கு மட்டும் இல்லை, இந்த இடைவெளிக்கும்தான்.

மரம். காடி அளவு மவுன்ட்டைவிட 3 மி.மீ கூட, 673 × 503. மோல்டிங் 25 மி.மீ அகலம், அதில் காடி 6 மி.மீன்னா மரம் பக்கத்துக்கு 19 வெளியே நிக்கும். வெளி நீளம் 711, 541. நாலு துண்டும் சேர்த்து 2504 மி.மீ. ரம்பம் தின்கிறது ஒரு வெட்டுக்கு 3 மி.மீ. 8 அடி (2438) பத்தாது, 9 அடி வாங்குங்க. காடி இருக்கிற மரத்தைத் திருப்பிப் போட்டு மிச்சம் பிடிக்க முடியாது.

காடி ஆழத்தைக் கட்டாயம் பாருங்க. அக்ரிலிக் 2, மேல் மவுன்ட் 1.5, படம் 0.5, அடி போர்டு 1.5, பின்னால சன்பேக் ஷீட் 3: மொத்தம் 8.5. அதுக்குப் பின்னால ஆணி படுக்க 3 மி.மீ இடம். ஆக 12 மி.மீ காடி. கடையில் பாதி மோல்டிங் 8, 10தான் இருக்கும். பின்பலகைக்கு ஹார்ட்போர்டு, எம்டிஎஃப் வேண்டாம், ரெண்டும் ஆசிட் விடும், ஓதமும் குடிக்கும். சன்பேக்னா தேர்தல் தட்டிக்குப் போடுறாங்களே, உள்ள ஓட்டை ஓட்டையா இருக்கிற பிளாஸ்டிக், அதேதான். பிரிண்ட் இல்லாத வெள்ளை ஷீட் கேளுங்க. சன் போர்டுன்னு கொடுத்தா அது வேற, அது பிவிசி; படத்துக்குப் பக்கத்தில் வேண்டாம்.

மாசி வீதிப் பக்கம் சாமி படத்துக்குச் சட்டம் போடுறவங்க மூலைவெட்டு சுத்தமா போடுவாங்க. அவங்ககிட்ட சட்டமும் அக்ரிலிக்கும் மட்டும் கேளுங்க. உள்ளே வைக்கிற வேலையை நீங்களே வீட்டில் பண்ணுங்க. மூடுறதுக்கு முன்னால ஃபேனை நிறுத்துங்க. மூடின பிறகு உள்ளே ஒரு நூலிழை தெரிஞ்சா முழுசும் பிரிக்கணும்.

அவசரவேலை:

இவ்வளவு தேவையா? நல்ல டபுள் டேப் நாலு மூலையில் போட்டா அஞ்சு நிமிஷ வேலை. நிறைய பேர் அப்படித்தான் போடுறாங்க, நிக்குது.

பேப்பர்பித்தன்:

நிற்கும், கொஞ்ச நாள். நம்மூர் சித்திரை, வைகாசி வெயிலில் டேப்பின் பசை இளகி பேப்பருக்குள் இறங்கும், அந்த இடம் எண்ணெய் பட்டதுபோல ஊடுருவித் தெரியும். பிறகு காய்ந்து டேப் தன்னால் உதிரும், கறை மட்டும் நிற்கும். செல்லோ டேப்பும் அப்படியே. பசை காய்ச்ச முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டு: பாலியஸ்டர் மூலைகள். படத்தின் நான்கு மூலையும் அதற்குள் செருகி நிற்கும், பசை போர்டில் மட்டும்தான். 300 ஜிஎஸ்எம் பேப்பர் விறைப்பானது, இதில் நிற்கும். மெல்லிய பேப்பர் என்றால் நடுவில் தொய்ந்துவிடும்.

நூல்கண்டு:

சுங்குடிக்கு நான் சொல்றேன். முதல் காரியம், அயர்ன் பண்ணாதீங்க. கையால முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ச்ச துணியில் ஒவ்வொரு புள்ளியும் சின்னதா புடைச்சு நிக்கும். அச்சடிச்ச சுங்குடியில் அது இருக்காது. கைமுடிச்சுன்னு காட்டுற அடையாளமே அந்தச் சுருக்கம்தான். தேய்ச்சுட்டா திரும்ப வராது. அதே காரணத்துக்காக இழுத்துக் கட்டவும் கூடாது.

துவைக்கலாமான்னு முதல்ல சோதிங்க. ஓரத்தில் சாயம் ஏறின சிவப்பில் சின்னதா ஒரு இடத்தில் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் தொட்ட வெள்ளைப் பஞ்சை ஒரு நிமிஷம் அழுத்துங்க. பஞ்சில் சிவப்பு ஏறினா தண்ணியே படக்கூடாது. வாக்குவம் கிளீனர் வாயில் கொசுவலைத் துணி கட்டி, குறைஞ்ச இழுப்பில் தூசி மட்டும் எடுங்க. நிறம் இறங்கலைன்னா ஒரு பிளாஸ்டிக் தட்டில் தட்டையா வச்சு அலசி, பழைய கஞ்சியை எடுத்துடலாம். கஞ்சி இருக்கிற வரைக்கும் ராமபாணப் பூச்சி வரும்.

ஒட்டுறதே கிடையாது, தையல்தான். சன்பேக் பலகைக்கு மேல மெல்லிய பருத்திப் பஞ்சு விரிப்பு, அதுக்கு மேல ரெண்டு தரம் வெந்நீரில் அலசிக் கஞ்சி போக்கின காடாத் துணி. காடாவை இழுத்துப் பின்பக்கம் மடிச்சுத் தைங்க. அதுதான் விறைப்பா நிக்கணும், சுங்குடி இல்லை. சுங்குடியை அது மேல படுக்கவச்சு, பாவும் ஊடும் நேரா இருக்கான்னு பார்த்து, மேல் ஓரத்தில் நடுவில் தொடங்கி ரெண்டு பக்கமும் போங்க. வளைஞ்ச ஊசி, ஒத்தைப் பருத்தி நூல், துணி நிறத்திலேயே. ஊசி இழைக்கு நடுவில் இறங்கணும், இழையைக் குத்திப் பிளக்கக் கூடாது. ஓரத்தில் அரை அங்குலத்துக்கு ஒரு தையல். இவ்வளவு அளவுத் துணிக்கு நடுவிலும் 4 அங்குலத்துக்கு ஒரு வரிசை வேணும், புள்ளிக்குப் பக்கத்தில் மறைச்சுப் போட்டா தெரியாது. நடுத்தையல் இல்லைன்னா துணி தன் கனத்திலேயே கீழ இறங்கி, ஆறு மாசத்தில் அடியில் பை மாதிரி தொங்கும்.

கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவில் 6 மி.மீ இடைவெளிக் கட்டை. சாயத்துணிக்கு வெளிச்சம்தான் எமன். மேற்குச் சுவரா இருந்தாலும் பரவாயில்லை, எதிர் ஜன்னல் வெயில் அதில் விழாம பாருங்க.

சட்டக்காரன்:

கான்வாஸ் பத்தி யாரும் தொடலை. அது ரொம்ப சுலபம். ஒண்ணரை அங்குலக் கட்டையில் இழுக்கணும்னா படத்தைச் சுத்தி ரெண்டரை அங்குலம் வெறும் கான்வாஸ் வேணும்: கட்டைப் பக்கத்துக்கு 1.5, பின்னால மடிக்க 1. அதாவது மொத்தம் 29 × 41. சுருட்டலைப் பிரிச்சு அளந்து பாருங்க. ஓரம் ஒண்ணரை அங்குலம்தான் இருக்குன்னா முக்கால் அங்குலக் கட்டை போடுங்க, படத்தை மடிச்சு உள்ளே தள்ள விடாதீங்க. 36 அங்குல நீளத்துக்கு நடுவில் ஒரு குறுக்குக் கட்டை வேணும், இல்லைன்னா நீளக்கட்டை உள்வாங்கும். ஸ்டேப்ளர் நாலு பக்கமும் நடுவில் ஒண்ணு, அப்புறம் நடுவிலிருந்து மூலைக்கு, எதிரெதிரா, 2 அங்குலத்துக்கு ஒண்ணு. கண்ணாடி தேவையில்லை. சட்டம் வேணும்னா உள்ளே 5 மி.மீ இடைவெளி விட்ட பெட்டிச் சட்டம் போடுங்க.

சுருட்டும்போது பெயிண்ட் உள்பக்கமா இருந்திருந்தா உடனே விரிக்காதீங்க. ஒரு நாள் அறைச் சூட்டில் இளகட்டும்.

துளைமிஷின்:

சுவருக்கு. பழைய சுண்ணாம்புக் காரை ஒரு அங்குலத்துக்கு மேலயும் இருக்கும், அதுக்குப் பிடிப்பு கிடையாது. ஸ்க்ரூ செங்கல்லில் போய் நிக்கணும். 6 மி.மீ பிட், காரை தாண்டும்வரை ஹேமரை அணைச்சு வச்சுச் சும்மா சுத்தவிடுங்க. ஹேமரோட ஆரம்பிச்சா கையளவு காரை பெயர்ந்து வரும். பிட்டில் சிவப்புப் பொடி வர ஆரம்பிச்சதும் ஹேமர் போட்டு இன்னும் 35 மி.மீ. தூசியை ஊதி எடுத்துட்டு பிளக், 65 மி.மீ ஸ்க்ரூ. வெள்ளைப் பொடி மட்டுமே வந்துக்கிட்டிருந்தா செங்கல் இடுக்கில் இறங்கியிருக்கீங்க, ஒரு அங்குலம் தள்ளிப் போடுங்க. கான்கிரீட் ஆணி இந்தச் சுவருக்கு ஆகாது.

சாமி படம் மாதிரி ஒத்தை ஆணியில் கயிறு கட்டி முன்னால சாய்ச்சுத் தொங்கவிடாதீங்க. அந்தச் சாய்வுக்குப் பின்னால பல்லி முட்டை வைக்கும், குளவி மண்ணுக்கூடு கட்டும். பின்பக்கம் முழுக்க பிரவுன் பேப்பர் ஒட்டி மூடுங்க. டி-ரிங் (சட்டத்துப் பின்னால திருகுற டி வடிவ வளையம்) ரெண்டு, மேலிருந்து மூணில் ஒரு பங்கில், ரெண்டும் நேரா ஸ்க்ரூவில் மாட்டட்டும், கம்பி வேண்டாம். அடி மூலை ரெண்டிலும் 10 மி.மீ ரப்பர் குமிழ். அப்பதான் பின்னால காத்து ஓடும், ஓதம் சட்டத்துக்கு ஏறாது.

கணக்கு: படத்து மையம் தரையிலிருந்து 58 அங்குலம், 1473 மி.மீ. சட்டத்து உயரம் 541, பாதி 270. மேல் விளிம்பு 1743. ரிங் 180 கீழே. ஸ்க்ரூ 1563 மி.மீ உயரத்தில். ரிங்கோட மேல் வளைவிலிருந்துதான் அளக்கணும், ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து இல்லை. தரையில் பாய் போட்டு உட்கார்ற ஹால்னா மையத்தை 50 அங்குலத்துக்கு இறக்குங்க. 58 எல்லாம் நின்னு பார்க்கிறவங்க கணக்கு.

சுவர் அடியில்தான் ஓதம்னா மேல மாட்டலாம். ஆனா புரட்டாசி கடைசியிலிருந்து தை வரைக்கும் வாட்டர்கலரை உள்சுவருக்கு மாத்திடுறது நல்லது. பூஜை அறைச் சுவர் மட்டும் வேண்டாம், சாம்பிராணியும் கற்பூரமும் சேர்ந்து ரெண்டு வருஷத்தில் கண்ணாடி மேல பிசுக்கா படியும்.

தெப்பக்குளம்ரசிகை:

எல்லாருக்கும் நன்றி. சுங்குடியில் பஞ்சு வச்சுப் பார்த்தேன், லேசா சிவப்பு ஏறுது, அதனால தண்ணி காட்டலை. கான்வாஸுக்கு ஓரம் ரெண்டே முக்கால் இருக்கு.

வாட்டர்கலரில் ரெண்டு சிக்கல். வரைந்தவர் கையெழுத்து கீழ் விளிம்பிலிருந்து 3 மி.மீ உயரத்தில் இருக்கு, 5 மி.மீ ஏறினா பாதி மறைஞ்சுடும். இன்னொண்ணு, 8.5 தானேன்னு 10 மி.மீ காடி இருக்கிற தேக்கு மோல்டிங் 9 அடி வாங்கிட்டேன். ஆணிக்கு 3 மி.மீ சொன்னதைக் கவனிக்கலை. சட்டமும் கூட்டியாச்சு, 673 × 503.

சட்டக்காரன்:

ரெண்டையும் சேர்த்தே சரி பண்ணலாம் மேடம், சட்டத்தைப் பிரிக்க வேண்டாம்.

ஜன்னலைப் பெருசாக்குங்க. படத்தைச் சுத்தி 6 மி.மீ அடி போர்டு தெரியட்டும்: ஜன்னல் 572 × 392. பக்கம் 49, மேல 49, கீழ 59 வச்சா வெளி அளவு அதே 670 × 500தான். கையெழுத்தும் தெரியும், பேப்பரோட கிழிச்ச ஓரமும் தெரியும், பார்க்க இன்னும் நல்லாவே இருக்கும்.

ஆனா இப்போ மவுன்ட் படத்து மேல உட்காரலை. படத்துக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவில் மவுன்ட் கனம் 1.5, அதில் பேப்பர் 0.5 போனா 1 மி.மீதான் மிச்சம். உங்க பேப்பர் நெளியுது, கட்டாயம் தொட்டுடும். மேல் மவுன்ட்டுக்கு அடியில் 3 மி.மீ ஆசிட் ஃப்ரீ ஃபோம் போர்டை 35 மி.மீ அகலப் பட்டையா வெட்டி நாலு பக்கமும் வெளி ஓரத்தோட ஒட்டுங்க. ஜன்னல் ஓரத்திலிருந்து 14 மி.மீ உள்ளடங்கி இருக்கும், சாய்ச்சுப் பார்த்தாலும் தெரியாது. கீழ் பக்கம் 45 மி.மீ வச்சா அதே கணக்கு. மொத்த கனம் 8.5 + 3 = 11.5 ஆச்சு, உங்க காடி 10.

பேப்பர்பித்தன்:

மேடம், கீலும் மாறும், கவனியுங்கள். முன்பு மேல் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கீலை மவுன்ட் மறைத்தது. இப்போது அது வெளியே தெரியும். கீலை நடுவில் மடித்து, ஒரு பாதி படத்தின் பின்னால், மறுபாதி அடி போர்டில். மடிப்பு மேல் விளிம்பிலிருந்து 3 மி.மீ கீழே. இழுப்பு எல்லாம் மடிப்பில் விழுவதால் இரண்டுக்குப் பதில் மூன்று கீல் போடுங்கள். போர்டில் ஒட்டும் பாதியின் மேல் குறுக்குத் துண்டு ஒன்று, படத்துக்குப் பின்னால் மறைகிற அளவில். பாலியஸ்டர் மூலை இந்த அமைப்புக்கு ஆகாது, முன்னால் பளபளக்கும்.

சட்டக்காரன்:

காடிக்கு: 12 மி.மீ அகலம், 6 மி.மீ கனத் தேக்குப் பட்டை 8 அடி வாங்கி, சட்டத்துக்குப் பின்னால, காடியோட உள் ஓரத்துக்குச் சமமா ஒட்டுங்க. மரத்துக்கு மரம், இங்கே ஃபெவிகால் தாராளமா போடலாம். அரை அங்குல ஆணி 4 அங்குலத்துக்கு ஒண்ணு. ஒரு ராத்திரி காயட்டும், அப்புறம்தான் படத்தை உள்ளே வைக்கணும், ஈரப்பசை ஆவி உள்ளே அடைபடக் கூடாது. இப்போ ஆழம் 16, உள்ளே வைக்கிற அடுக்கு 11.5, ஆணிக்கு 4.5. பட்டை வெளி ஓரத்திலிருந்து 7 மி.மீ உள்ளே நிக்கறதால பக்கவாட்டில் பார்த்தா தெரியாது. டி-ரிங்கைப் பட்டை மேலயே வச்சு முக்கால் அங்குல ஸ்க்ரூவால பட்டையைத் தாண்டிச் சட்டத்துக்குள்ள இறக்குங்க. ஒரு அங்குல ஸ்க்ரூ போட்டா முன்பக்கம் மூக்கை நீட்டிடும். பட்டைக்கு 45 டிகிரி மூலைவெட்டு எல்லாம் வேண்டாம், நேரா வெட்டி முட்டவச்சா போதும், பின்பக்கம்தானே.